பாட்டிலே ஒரு சுரம், வீட்டிலே ஒரு பெயர்



மணிமுத்தாறு என்னும் பெயரைச் சற்றே நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். மணியையும் முத்தையும் ஆற்றையும் ஒன்றாய்க் கோத்த பெயர் அது. மேற்கு மலையிலே பிறந்து, 1958ஆம் ஆண்டில் நிறைவு பெற்ற அணையிலே தங்கி, பின்னர்த் தாமிரபரணியோடு கலந்து, சேரன்மாதேவியையும் பாளையங்கோட்டையையும் திருவைகுண்டத்தையும் கடந்து, புன்னைக்காயலருகே கடலைச் சேர்கிறது அந்நீர். அக்கடலோரத்தில் முன்னாளில் முத்துக் குளித்தார்கள். கொற்கை முத்தின் புகழை உலகம் அறியும். ஆற்றின் பெயரில் ஒளிரும் அம்முத்து நம் வீட்டுப் பெயர்களிலும் ஒளிர்கிறது. சவரிமுத்து, அந்தோணிமுத்து, மரியமுத்து, சூசைமுத்து என்னும் பெயர்களைக் கேளாத பங்கு இப்பள்ளத்தாக்கில் உண்டோ?

இம்மாதம் நம்மிடம் இரு கேள்விகள் வந்துள்ளன. ஒன்று பாடற்குழு இளைஞரிடமிருந்து வந்தது. சினிமாப் பாட்டிலும் பக்திப் பாட்டிலும் கீபோர்டு வாசிப்போர் 'சஸ்' என்று ஒரு கூட்டைப் பிடிக்கிறார்களே, அது யாது? பாட்டு முடியப் போகும் வேளையில் முடியாமல் அந்தரத்தில் நிற்பதுபோல் தோன்றுவது ஏன்? மற்றொன்று இளம் பெற்றோரிடமிருந்து வந்தது. தாத்தாவின் பெயரான அருளப்பன், சின்னப்பன், பெலவேந்திரன் என்பவற்றிற்குப் பொருள் என்ன? இக்காலப் பிள்ளைக்கு அவற்றைச் சூட்டத்தான் வேண்டுமா?

இவை வேறு வேறு கேள்விகளே. ஆயினும் இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்கையில், முதற் கேள்வியின் விடை இரண்டாவதற்கும் விளக்காய் அமைவதைக் கண்டோம். ஆகவே இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுதத் துணிந்தோம்.

தொங்கி நிற்கும் சுரம்

மூன்று சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வதே மேலை இசையின் அடிப்படைச் சுரக்கூட்டு. பாடற்குழுவினர் இதனைக் 'கார்டு' என்பர். நம் முறையிற் சொன்னால் ச, க, ப என்னும் மூன்றுமாம் அவை. இவற்றுள் சட்சமமும் பஞ்சமமும் மாறுவதில்லை. இடையே நிற்கும் காந்தாரமே கூட்டின் குணத்தை முடிவு செய்கிறது. அது அந்தர காந்தாரமாயின், சங்கராபரணத்திற் போல ஒலி மலர்ந்து நிற்கும். சாதாரண காந்தாரமாயின், நடபைரவியிற் போலச் சற்றே நிழல் படியும்.

இப்போது அந்தக் காந்தாரத்தை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் மத்திமத்தை வையுங்கள். ச, ம, ப என ஒலிக்கும். இக்கூட்டு மலர்வதும் இல்லை, வாடுவதும் இல்லை. எதையோ எதிர்பார்த்து நிற்கிறது. மத்திமம் ஒரு படி இறங்கிக் காந்தாரத்தை அடைந்தவுடனே, சுமை இறக்கினாற்போல் நம் செவி அமைதி கொள்கிறது. இளைஞர் 'சஸ் ஃபோர்' என்பது இந்தக் கூட்டையே. மத்திமத்திற்குப் பதிலாக ரிஷபத்தை வைத்தால் அது 'சஸ் டூ' ஆகும். கிட்டார் கற்கும் பிள்ளைகள் இதனை எளிதிற் கண்டுகொள்ளலாம். 'டி' கார்டைப் பிடித்துக்கொண்டு, மிக மெல்லிய தந்தியில் இரண்டாம் கட்டத்தில் இருக்கும் விரலோடு மூன்றாம் கட்டத்தையும் சுண்டுவிரலால் அழுத்தினால் 'சஸ் ஃபோர்'. அத்தந்தியில் எந்த விரலும் படாமல் விட்டால் 'சஸ் டூ'. ஒரு விரலின் அசைவில் பாட்டின் முகமே மாறிவிடும்.

'சஸ்' என்பது, தொங்கவிடப்பட்டது எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். இப்பெயர் வந்த கதையை நம் குடும்பங்கள் அறிதல் நன்று. ஏனெனில் அது கோவிற் பாடல்களோடு நெருங்கிய தொடர்புடையது. பதினாறாம் நூற்றாண்டில் உரோமை நகரில் பாலஸ்திரீனா போன்ற மேதைகள் பல குரல்களுக்கெனத் திருவழிபாட்டு இசை அமைத்தார்கள். எல்லாக் குரல்களும் அடுத்த கூட்டுக்குப் போய்விட்ட பிறகும், ஒரு குரல் மட்டும் முந்திய கூட்டில் தான் பாடிய சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். புதிய கூட்டோடு அது சற்றே மோதும். பிறகு மெல்ல ஒரு படி இறங்கி அதனோடு இணங்கிவிடும். இதற்கு மூன்று நிலைகளை வகுத்தனர். முதலில் அச்சுரம் முந்திய கூட்டில் உரிமையோடு ஒலிக்கவேண்டும், இது ஆயத்தம். அடுத்து, மற்றவை மாறியபின்பும் அது நிற்கவேண்டும், இது தொங்கல். இறுதியில் அது புதிய கூட்டில் இறங்கி அமரவேண்டும், இது தீர்வு. 1725ஆம் ஆண்டில் வியன்னாவில் பூக்ஸ் என்பார் வெளியிட்ட இசை இலக்கண நூல் இம்முறையை ஐரோப்பிய மாணவர்க்கெல்லாம் கற்பித்தது.

பாட்டின் ஈற்றில் 'ஆமென்' பாடும் முறையிலேயே இதனைக் காணலாம். 'ஆ' என்று நீட்டுகையில் மத்திமத்தின் மேல் எழும் கூட்டு ஒலிக்கும்; 'மென்' என்கையில் சட்சமத்தின் மேல் எழும் கூட்டு ஒலிக்கும். ஒரு குரல் மட்டும் மத்திமத்தை விடாமல் நின்று, பின்னர்க் காந்தாரத்திற்கு இறங்கினால், அந்த 'ஆமென்' நெஞ்சில் தங்கும்.

சனரஞ்சக இசை இதனைக் கோவிலினின்று வீதிக்குக் கொண்டு சென்றது. பீட்டில்ஸ் குழுவினர் 1964இல் வெளியிட்ட 'எ ஹார்ட் டேஸ் நைட்' பாடல் தொடங்கும் அந்த ஒற்றை முழக்கம் இவ்வாறு தொங்கி நிற்கும் கூட்டினைச் சார்ந்ததே. 'தி ஹூ' குழுவினரின் 'பின்பால் விசார்டு' 1969இலும், 'குயீன்' குழுவினரின் 'கிரேசி லிட்டில் திங் கால்டு லவ்' 1979இலும் வெளிவந்தன. இவற்றில் கிட்டார் 'சஸ் ஃபோர்' கூட்டுக்கும் நேர்க்கூட்டுக்கும் இடையே மாறி மாறி ஆடும். நம் இசைக்கும் இது முற்றிலும் அந்நியமன்று. தம்பூராவில் மீட்டப்பெறுவன பெரும்பாலும் பஞ்சமமும் சட்சமமுமே; காந்தாரத்துக்கெனத் தனித் தந்தி இல்லை. மலர்வதா, நிழல்படுவதா என்பதைப் பாடுகிறவர் எடுக்கும் இராகமே முடிவு செய்கிறது.

பெயரனே பேரன்

இங்கிருந்து இரண்டாம் கேள்விக்கு வருவோம். மகனின் மகனையும் மகளின் மகனையும் பேரன் என்கிறோம். இச்சொல் 'பெயரன்' என்பதன் மருஉ. பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் ஆதலால் அவன் பெயரன். உலகின் பல மொழிகளில் பேரனைக் குறிக்கும் சொல் உறவை மட்டுமே காட்டும். தமிழிலோ அச்சொல்லே ஒரு கடமையையும் நினைவூட்டுகிறது. தலைமுறை என்னும் கூட்டு மாறுகிறது, தொழில் மாறுகிறது, ஊரும் மாறுகிறது. ஆயினும் ஒரு பெயர் மட்டும் முந்திய கூட்டிலிருந்து விடாமல் ஒலித்துப் புதிய பிள்ளையின்மேல் இறங்கி அமர்கிறது. உரோமையில் இசைவாணர் குரல்களைக் கொண்டு செய்ததை நம் முன்னோர் பெயர்களைக் கொண்டு செய்தார்கள் எனலாம்.

செவிவழி, பொருள்வழி, எழுத்துவழி

நம் பெயர்கள் எவ்வாறு வந்தன? 1530களில் முத்துக்குளித்துறை மக்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் அவர்களிடையே வந்தார். மக்கள் கூட்டமாய்த் திருமுழுக்குப் பெற்ற காலத்திலும், ஒவ்வொருவருக்கும் அவரவர் புதிய பெயரை எழுதியே கொடுத்ததாக அவர் தம் கடிதத்திற் குறிப்பிடுகிறார். மொழி சரிவரத் தெரியாத ஊரில், அவ்வளவு நெருக்கடியிலும், பெயரை எழுதிக் கையில் கொடுக்கவேண்டும் என்று எண்ணினாரே, அந்த அக்கறையை நாம் மறத்தலாகாது.

அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை நன்கு கற்று, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலையும், 1586இல் புன்னைக்காயலில் புனிதர்களின் வரலாறாகிய 'அடியார் வரலாறு' என்னும் பெருநூலையும் தமிழில் அச்சிட்டார். உரோமையில் பாலஸ்திரீனா குரல்களைத் தொங்கவிட்டு இணக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நம் தாமிரபரணி கடலோடு கலக்கும் ஊரிலே புனிதர்களின் பெயர்கள் தமிழ் எழுத்தில் அச்சேறின.

வெளிநாட்டுப் பெயர்கள் தமிழுக்கு மூன்று வழிகளில் வந்து சேர்ந்தன. முதலாவது செவிவழி. போர்த்துக்கீசர் 'ஜுசே' என்று அழைத்த யோசேப்பு நம் செவியில் சூசை ஆனார். 'சாந்தியாகு' என்று அவர்கள் சொன்ன யாக்கோபு, சந்தியாகு ஆனார். சவேரியாரின் பெயர் சவரி என வழங்கி, முத்தோடு சேர்ந்து சவரிமுத்து ஆயிற்று. சவேரியார் என்பது உண்மையில் ஆள்பெயரன்று; அவர் பிறந்த கோட்டையின் பெயர். பாஸ்கு மொழியில் அதற்குப் 'புதுவீடு' என்று பொருள். ஆகவே நம் சவரிமுத்து, ஒரு வகையில், புதுவீட்டு முத்து!

இரண்டாவது பொருள்வழி. மதுரை மறைத்தளத்தின் குருக்கள் பெயரின் ஓசையை விட்டுப் பொருளைப் பிடித்தார்கள். எபிரேயத்தில் யோவான் என்பதற்கு ஆண்டவர் அருள் புரிந்தார் என்பது பொருள், எனவே அருளப்பர். இலத்தீனில் பவுல் என்றால் சிறியவர், எனவே சின்னப்பர். கிரேக்கத்தில் ஸ்தேவான் என்றால் முடி, எனவே முடியப்பர். அந்திரேயா என்பது ஆண்மையையும் வீரத்தையும் குறிக்கும், எனவே பெலவேந்திரர். தொமினிக் என்பது ஆண்டவருக்குரியவர் எனப் பொருள்படும், எனவே சாமிநாதர். வீரமாமுனிவரும் கான்ஸ்டன்ஸ் என்னும் தம் பெயரைத் தைரியநாதர் என மாற்றிக்கொண்டவரே. அவர் தேம்பாவணியில் யோசேப்பைச் சூசை என்று விடாமல், பெருகுதல் என்னும் எபிரேயப் பொருள் தோன்ற வளன் என்று பாடினார்.

மூன்றாவது எழுத்துவழி. 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து வெளியிட்ட விவிலியப் பொது மொழிபெயர்ப்பில் யோவான், பவுல், பேதுரு, யோசேப்பு என மூலப்பெயருக்கு நெருங்கிய வடிவங்களே இடம்பெற்றன. இதனால் பிற சபையாரோடு ஒரே சொல்லில் பேசும் நன்மை கிட்டியது. ஆனால் 1986இல் சென்னைக்கு வந்த திருத்தந்தையை நாம் இரண்டாம் அருள் சின்னப்பர் என்று அழைத்து மகிழ்ந்தது இன்றைய பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. இரண்டாம் யோவான் பவுல் என்றால்தான் தெரிகிறது. ஆகவே, அருளப்பன் என்னும் தாத்தாவின் பெயரும் ஜான் என்னும் பேரனின் பெயரும் ஒன்றே என்பதை அவ்விருவருமே அறியாதிருத்தல் கூடும்.

வடக்கன்குளத்தில் ஒரு பெயர்

பெயர் எவ்வளவு கனமுடையது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. திருவிதாங்கூர் அரண்மனையில் பணிபுரிந்த நீலகண்டன் 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அவருக்குச் சூட்டப்பெற்ற பெயர் லாசர். கடவுள் துணை செய்தார் என்பது அதன் பொருள். அப்பொருளே தமிழில் தேவசகாயம் ஆயிற்று. அவருடைய மனைவி பார்கவி அம்மாள் ஞானப்பூ ஆனார். பின்னர்ச் சிறையும் சித்திரவதையும் வந்தன. கடவுளின் துணையன்றி வேறு துணை இல்லாத நிலையில், 1752 சனவரி 14இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காட்டாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏறத்தாழ ஏழாண்டுகள் அவர் தம் பெயருக்குப் பொருள் எழுதினார் என்றால் மிகையாகாது. 2022 மே 15ஆம் நாள் உரோமையில் அவர் புனிதராக அறிவிக்கப்பெற்றபோது, சாதிப் பட்டம் ஏதுமின்றித் தேவசகாயம் என்னும் பெயரே ஒலித்தது. பெயரோடு சாதியை ஒட்டவைக்கும் ஆசை எந்த வீட்டில் எழுந்தாலும் இதனை நினைவுகூர்தல் நன்று.

பாட்டுக்காரரின் பெயர்கள்

பாட்டையும் பெயரையும் ஒருங்கே காட்டும் இருவரைச் சொல்வோம். தூத்துக்குடியில் 1927இல் பிறந்து, 1974இல் மறைந்த நடிகரும் பாடகருமான சந்திரபாபுவை முதியோர் மறந்திருக்கமாட்டார். அவருடைய இயற்பெயர் சோசப் பனிமயதாஸ் ரொட்ரிகஸ். சோசப் என்பது எபிரேயம். பனிமயம் என்பது தூத்துக்குடி அன்னையின் தமிழ்ப் பெயர். ரொட்ரிகஸ் என்பது ரொட்ரிகோவின் மகன் எனப் பொருள்படும் போர்த்துக்கீசக் குடும்பப் பெயர். மூன்று நாடுகள் ஒரு பெயரில் கூடி ஒலித்தன. பெர்னாண்டஸ் என்பதும் அவ்வாறே பெர்னாண்டோவின் மகன் எனப் பொருள்படும். தந்தையின் முதலெழுத்தை நம் பெயருக்கு முன் இடும் தமிழ் வழக்கமும் அந்தப் போர்த்துக்கீச ஈறும் செய்கிற வேலை ஒன்றே.

மற்றொருவர் இளையராஜா. 1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்த அவருக்கு முதற்பெயர் ஞானதேசிகன். பள்ளியில் ராசையா ஆனார். சென்னையில் மேலை இசை கற்பித்த தன்ராஜ் மாஸ்டர் ராஜா என்று சுருக்கினார். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்தபோது, ஏ. எம். ராஜா என்னும் மூத்த பாடகர் ஏற்கெனவே இருந்தமையால், பஞ்சு அருணாசலம் முன்னே 'இளைய' என்பதைச் சேர்த்தார். பெயர் மூன்று முறை மாறினும், ராசையாவில் இருந்த ராசா இறுதி வரை நின்று இளையராஜாவில் அமர்ந்தது. இது நாம் மேலே சொன்ன தொங்கும் சுரத்தின் வழியே அன்றோ!

இன்றைய வீடுகளில்

திருமுழுக்கு ஆயத்த வகுப்பில் ஒருமுறை ஒரு பாட்டியார் நம்மிடம் சொன்னது இது: "பேரு வைக்கது பெத்தவுக பாடு, சாமி. ஆனா நாள் பூரா கூப்பிடப் போறது நான்லா. வாயில நிக்கமாட்டேங்கே!" அருகிலிருந்த மருமகள் சிரித்தாள், ஆயினும் இருவர் கண்ணிலும் சிறு வருத்தம் இருந்தது. பாட்டிக்குத் தம் கணவரின் பெயர் தம்மோடு மறைந்துபோகும் என்ற அச்சம். மருமகளுக்கோ அப்பெயரைச் சூட்டினால் பட்டணத்துப் பள்ளியில் பிள்ளையைக் கேலி செய்வார்களே என்ற கவலை. இரண்டும் அன்பினின்று எழுந்தவையே. யாரையும் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

திருச்சபை இதில் என்ன சொல்கிறது? 1917ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு, பிள்ளைக்குக் கிறிஸ்தவப் பெயர் சூட்டப்படுமாறு பங்குக் குரு பார்த்துக்கொள்ளவேண்டும் என்றும், பெற்றோர் இசையாவிடில் ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுதவேண்டும் என்றும் கூறியது. 1983ஆம் ஆண்டின் தொகுப்பு, 855ஆம் எண்ணில், கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் சூட்டப்படாதபடி பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குக் குருவும் கவனிக்கவேண்டும் என்று மட்டுமே பணிக்கிறது. ஆகவே புனிதரின் பெயர் கட்டாயமன்று. அன்பு, இன்பம், அமுதன், மலர்விழி என்னும் நல்ல தமிழ்ப் பெயர்களைச் சூட்டத் தடை ஏதும் இல்லை. எண்கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் பிள்ளையின் நல்வாழ்வைத் தேடுவதுதான் நம் நம்பிக்கைக்குப் பொருந்தாது.

அரசுச் சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பெயர் இன்றியும் பிறப்பைப் பதிவு செய்யலாம். பன்னிரண்டு மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின் காலதாமதக் கட்டணத்துடன் பதினைந்து ஆண்டுகள் வரை சேர்க்கலாம். இச்சட்டம் 2023இல் திருத்தப்பெற்று, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அந்நாள் முதல் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார், திருமணப் பதிவு, அரசுப் பணி ஆகியவற்றில் பிறந்த நாளுக்கும் இடத்திற்கும் பிறப்புச் சான்றிதழே சான்றாகும். ஆகவே, சான்றிதழில் ஒரு பெயர், பங்குப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளியில் வேறொரு பெயர் என்று விட்டுவிட்டால், பிள்ளையின் திருமண ஓலை வாசிக்கும் காலத்தில் பெற்றோர் அலுவலகம் அலுவலகமாய் அலைய நேரிடும். கண்ணீரோடு அவ்வாறு அலைந்தோரை நாம் பார்த்திருக்கிறோம்.

நம் யோசனை

எனவே சிலவற்றைப் பணிவுடன் முன்வைக்கிறோம். பிள்ளை பிறக்குமுன்பே இரு பக்கத்துப் பாட்டன் பாட்டியரை அமர்த்தி, அவரவர் பெயர் எவ்வாறு வந்தது என்று கேளுங்கள். எந்தத் திருவிழாவில் பிறந்தார், யாருடைய நேர்த்திக்கடன், எந்தப் பெரியவரின் நினைவு என்பவற்றை வீட்டு விவிலியத்தின் முதற்பக்கத்தில் எழுதிவையுங்கள். ஓசை பழையதாகத் தோன்றினால் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அருளப்பனின் பேரன் அருள் ஆகலாம். பேத்தி அருள்மொழி ஆகலாம். சூசையின் பேரன் வளன் ஆகலாம். முடியப்பனின் பேரன் ஸ்டீபன் என்றால், அது தாத்தாவின் பெயரே என்று இருவருக்கும் சொல்லிவிடுங்கள். பெயரை முடிவு செய்தபின், பிறப்புச் சான்றிதழிலும் திருமுழுக்குப் பதிவேட்டிலும் ஓர் எழுத்தும் மாறாமல் ஒன்றாகவே எழுதச் செய்யுங்கள்.

பாடற்குழுவினர்க்கும் ஒரு சொல். முற்கால இலக்கணம், தொங்கும் சுரத்திற்கு ஆயத்தமும் தீர்வும் வேண்டும் என்றது. இக்காலச் சனரஞ்சகப் பாடல்களில் ஆயத்தமின்றியும் தீர்வின்றியும் அதனை வண்ணத்திற்காக மட்டுமே ஒலிக்கச் செய்கிறார்கள். அதுவும் அழகே, அதனை வெறுக்கவேண்டுவதில்லை. ஆனால் திருப்பலியில் வாசிக்கையில், ஓரிடத்திலேனும் அந்த மத்திமத்தை மெல்லக் காந்தாரத்தில் இறக்கிப் பாருங்கள். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் முதியோர் காரணம் அறியாமலே நிமிர்ந்து பார்ப்பார்கள்.

பெற்றோரே, நீங்கள் இன்று சூட்டும் பெயரைத்தான் உங்கள் பிள்ளை வாழ்நாளெல்லாம் கேட்கப்போகிறது. அடக்கச் சடங்கில் குருவானவர் சொல்லப்போவதும் அதே பெயரைத்தான். ஆகவே அவசரப்படாமல், வீட்டு முதியோரையும் கலந்து, செபித்துத் தேர்ந்துகொள்ளுங்கள். நம் பள்ளத்தாக்கில் இனிப் பிறக்கும் குழந்தைகள் யாவரையும் ஆண்டவர் பெயர் சொல்லி அழைத்து ஆசீர்வதிப்பாராக.